பழைய பொம்மை, புதுப் பழம்

மகாளய அமாவாசை அன்று திருச்சி கே.கே. நகரில் பல வீடுகளில் பரண் திறந்திருக்கும். விடியற்காலையில் காவிரிக்குப் போய் அம்மாமண்டபத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தவர்கள், மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்ததும் ஸ்டூல் போட்டு ஏறுவார்கள். கீழே நிற்பவர் கையை நீட்டுவார். ஒவ்வொரு பெட்டியாக இறங்கும். ஏர்போர்ட்டுக்குத் தாழ்ந்து போகும் விமானத்தின் இரைச்சலில் "மெதுவா, மெதுவா" என்பது பாதிதான் காதில் விழும்.

பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது பொம்மை இல்லை, போன வருஷத்துச் செய்தித்தாள். பிரிக்கிற கை ஒரு நிமிஷம் நின்று, மஞ்சளித்த தலைப்பு ஒன்றைப் படித்துவிட்டுத்தான் மேலே போகும். அப்புறம் ஒரு மூக்கு, ஒரு கிரீடம், ஒரு மயில் கழுத்து. எங்கள் அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. பெயர்கள் நழுவுகின்றன. என்னை என் அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். ஆனால் தசாவதாரத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் என்பதில் அவளுக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. 2025-இல் செட்டியார் பொம்மையைப் பிரித்தபோது வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. தராசு பிடிக்க வேண்டிய கை.

"உடைஞ்சதைக் கொலுவுல வைக்கக் கூடாதும்பாங்களே அத்தை, தூக்கிப் போட்டுடலாமா?"

"கொலுவுல வேணாம். பெட்டியில இருக்கட்டும்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் அடுத்த காகிதத்தைப் பிரிக்கப் போய்விட்டாள். அந்தச் சொல்லின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை. அது புரிய, கொலுவோடு ஒட்டாத ஒரு கதவைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

*

அந்தக் கதவு ஒரு காலண்டர் பொருத்தத்தில் திறந்தது. 2024 அக்டோபர் 2 மகாளய அமாவாசை. அன்று பொழுது சாய்ந்ததும் யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானா பிறந்தது. 2025 செப்டம்பர் 22 நவராத்திரியின் முதல் நாள். அன்று மாலை அவர்களுக்கு 5786-ஆம் ஆண்டு தொடங்கியது. பத்தாம் நாளும் கூடவே வந்தது. 2024 அக்டோபர் 12, 2025 அக்டோபர் 2 இரண்டும் நமக்கு விஜயதசமி. அவர்களுக்கு நோன்பிருந்து மன்னிப்பு வேண்டும் யோம் கிப்பூர்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பண்டிகைக்கு நிலவைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள சங்கடம்தான். நிலவின் பன்னிரண்டு மாதம் சூரியனின் ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. அதை ஈடுகட்ட, யூதர்கள் 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். நம் பஞ்சாங்கத்திலும் அதிக மாதம் உண்டு. இரு வீட்டாரும் கூட்டும் மாதம் ஒத்துப்போனால் நவராத்திரியும் அந்தப் பத்து நாளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். 2023-இல் போல ஒத்துப்போகாவிட்டால் ஒரு மாதம் விலகிப் போகும்.

பொருத்தத்தைக் கண்டு வியந்துவிட்டு விட்டிருப்பேன். அந்தப் புத்தாண்டுக்கு அவர்கள் தயாராகும் விதத்தைப் படிக்கப் படிக்கத்தான் பரணும் பெட்டியும் மனதில் வந்து நின்றன. பழையதைக் கழிப்பது என்றால் நமக்குப் போகி. கொலுவின் ஏற்பாடு வேறு ரகம்: பழையதை இறக்கி, தூசி தட்டி, படி கட்டி எதிரே வைத்துப் பார்ப்பது. யூதரின் புத்தாண்டு இந்த இரண்டாவது ரகம். அதில் நான் ரசித்த சில நுணுக்கங்களை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன்.

*

ரோஷ் ஹஷானா என்றால் ஆண்டின் தலை. தலைச்சன், தலைநாள், தலைதீபாவளி என்று நாம் சொல்கிற அதே தலை. தலை திரும்ப வேண்டுமானால் முதலில் கழுத்து திரும்ப வேண்டும். அந்தக் கழுத்துதான் எலூல் மாதம், புத்தாண்டுக்கு முந்தைய 29 நாள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தலை ஏழாவது மாதத்தில் இருக்கிறது. மாதங்களை எண்ணத் தொடங்குவது வசந்தத்தில் வரும் நிசான். ஆண்டு பிறப்பதோ இலையுதிர் காலத்துத் திஷ்ரி. பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா நாலு புத்தாண்டுகளைக் கணக்கிடுகிறது: அரசர்களுக்கு ஒன்று, ஆடுமாட்டின் தசமபாகத்துக்கு ஒன்று, ஆண்டுகளுக்கு ஒன்று, மரங்களுக்கு ஒன்று. சித்திரையில் ஒரு புத்தாண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஜூனில் ஒன்று, ஆடிட்டருக்கு ஏப்ரலில் ஒன்று என்று வாழும் நமக்கு இது புதிதில்லை. தொடங்குவதற்கு ஒரே ஒரு நாள்தான் என்று யாரும் முடிவுகட்டிவிடவில்லை என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

எலூல் என்ற பெயரை எபிரேயத்தில் எழுதினால் நான்கு எழுத்து. அந்த நான்கும் பைபிளின் காதல் காவியமான உன்னதப்பாட்டில் வரும் நான்கு சொற்களின் முதலெழுத்துகள் என்று பெரியவர்கள் கண்டு சொன்னார்கள். தலைவி பேசும் இடம் அது. தான் தலைவனுக்கு உரியவள் என்றும் அவன் தனக்கு உரியவன் என்றும் சொல்கிறாள். ஆண்டுக் கணக்கைத் தீர்க்கிற மாதத்துக்கு, நீதிமன்றத்திலிருந்து அல்லாமல் காதல் பாட்டிலிருந்து முகவரி எடுத்திருக்கிறார்கள். ஆண்டாள் பிறந்த மொழியில் இதற்கு உரை வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே நூலில் வேறோர் இடத்தில் இதே கருத்து வரிசை மாறி வருகிறது. அங்கே அவன் முதலில், இவள் அப்புறம். எலூலுக்கு எடுத்துக்கொண்ட இடத்தில் இவள் முதலில். முதல் அடியை எடுத்து வைப்பவர் மனிதர்தான் என்று அந்தச் சொல் வரிசை சொல்லிவிடுகிறது.

அந்த மாதத்தில் ஐரோப்பிய வழிவந்த யூதர்கள் ஓய்வுநாள் தவிர ஒவ்வொரு காலையும் ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவார்கள். ஸ்பானிய, கீழைநாட்டு வழிவந்தவர்கள் விடியுமுன் எழுந்து மன்னிப்பு வேண்டும் பாடல்களைப் பாடுவார்கள். மார்கழியில் இருட்டோடு எழுந்து பழகிய ஸ்ரீரங்கத்துக்காரருக்கு அந்த நேரத்தின் குளிர் தெரியும். எலூல் வரும் அதே பருவத்தில், ஆவணி வாக்கில், ஸ்ரீரங்கம் கோயிலில் பவித்ரோற்சவம் நடக்கிறது. ஒன்பது நாள் விழா. ஆண்டு முழுக்க நடந்த பூஜைகளில் தெரியாமல் நேர்ந்த குறைகளுக்கு நூல் மாலை சார்த்தி ஈடு செய்வது. அங்கே மனிதர் தம் ஆண்டைத் திரும்பிப் பார்க்கும் வேளையில், இங்கே கோயிலே தன் ஆண்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

காலைக் கொம்புக்கு ஒரு காரணம் சொன்னவர் மைமோனிடீஸ், 12-ஆம் நூற்றாண்டின் பெரிய யூத ஞானி. கொம்பு ஊதுவது கட்டளை. ஆனாலும் அதற்குள் ஒரு குறிப்பு உண்டு, உறங்குபவர்களை அது எழுப்புகிறது என்றார் அவர். திருவரங்கத்து நந்தவனக்காரரான தொண்டரடிப்பொடியாழ்வார் பத்துப் பாசுரம் பாடி எழுப்பியது பள்ளிகொண்ட அரங்கனை. இங்கே மனிதன் கடவுளை எழுப்புகிறான், அங்கே மனிதனைக் கொம்பு எழுப்புகிறது. ஒருவர் விழிப்பில்லாமல் இன்னொருவர் விழிப்பு நிறைவதில்லை என்று இரண்டு ஊரிலும் யாரோ உணர்ந்திருக்கிறார்கள். மைமோனிடீஸுக்கு நம் பக்கத்தோடு ஒரு துயரத் தொடர்பும் உண்டு. இரத்தின வியாபாரத்துக்காக இந்தியாவை நோக்கிக் கப்பலேறிய அவருடைய தம்பி தாவீது இந்தியப் பெருங்கடலில் மூழ்கி மாண்டார். அந்தத் துக்கத்தில் ஓராண்டு படுக்கையில் கிடந்ததாக மைமோனிடீஸே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். எழுந்திருப்பதைப் பற்றி எழுதத் தகுதியுள்ள கை.

*

கொம்பின் பெயர் ஷோஃபார். இதைப் பற்றி மிஷ்னா விதிக்கும் நுணுக்கங்களை ஒரு நாதஸ்வர வித்வான் கேட்டால் உட்கார்ந்து ரசிப்பார். பசுவின் கொம்பு ஆகாது. விரிசல் விட்டு ஒட்டிய கொம்பு ஆகாது. பள்ளத்துக்குள்ளோ ஜாடிக்குள்ளோ ஊதினால், வெளியே நிற்பவர் காதில் விழுந்தது கொம்பின் குரலா எதிரொலியா என்று பார்க்க வேண்டும். எதிரொலி கணக்கில் வராது. தொழுகைக் கூடத்துக்குப் பின்புறமாக ஒருவர் நடந்து போகிறார், கொம்பொலி காதில் விழுகிறது. அவர் மனதைக் கொடுத்துக் கேட்டிருந்தால் கடமை நிறைவேறிவிட்டது. சும்மா காதில் விழுந்திருந்தால் நிறைவேறவில்லை. அதே தெரு, அதே ஒலி, அதே காது.

ஊதுவதற்கு முன் சொல்லும் வாழ்த்தும் இதையே சொல்கிறது. கட்டளை ஊதுவது பற்றியது அல்ல, கேட்பது பற்றியது. ஊதுகிறவரும் கேட்கத்தான் ஊதுகிறார். 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே குறளில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்த நயம் உடனே பிடிபடும். நம் மொழியில் காதால் கேட்பதும் வாயால் கேட்பதும் ஒரே சொல். அன்றைக்குக் கொம்பைக் கேட்கிறவர்கள் மன்னிப்பும் கேட்கிறார்கள்.

ஒலி மூன்று வகை. தெகியா என்பது நீண்ட, முழுசான ஒற்றை ஒலி. ஷெவாரிம், அதே நீளத்தை மூன்றாக முறித்தது. தெருவா, ஒன்பதாகத் தூளாக்கியது. ஒன்று, மூன்று, ஒன்பது. தவிலில் திஸ்ர நடை பழகிய விரல்கள் இந்தக் கணக்கைத் தாமே தட்டிப் பார்த்துக்கொள்ளும். முறிந்த ஒலி ஒருபோதும் தனியாக வருவதில்லை. அதற்கு முன்னால் ஒரு முழு ஒலி, பின்னால் ஒரு முழு ஒலி. முழுசு, உடைசல், முழுசு. ரோஷ் ஹஷானா அன்று இப்படி நூறு முறை ஊதுவது வழக்கம். கொம்பில் விரிசல் இருக்கக் கூடாது என்ற விதியின் நியாயம் இங்கேதான் விளங்குகிறது. கொம்பு முழுசாக இருந்தால்தான் குரல் உடைய முடியும்.

இந்த உடைந்த குரல் எப்படி இருக்க வேண்டும் என்று, மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத்தின் அறிஞர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவர்கள் வேதம் 'தெருவா' என்று மட்டும் சொல்கிறது. அது பெருமூச்சா, விம்மலா? விடை தேடியவர்கள் போய் நின்ற இடம்தான் எனக்கு இந்த விஷயம் முழுவதிலுமே ஆகப் பெரிய நயம். அவர்கள் தங்கள் குலத்தாய் சாராளிடம் போகவில்லை. சிசெராவின் தாயிடம் போனார்கள். சிசெரா 900 இரும்பு ரதங்களோடு இஸ்ரயேலரை ஒடுக்கிய கானானியப் படைத்தலைவன். போருக்குப் போன மகனின் தேர் ஏன் இன்னும் வரவில்லை என்று ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் அவன் தாய். அவன் செத்துப் போனது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் அழுதது நீண்ட பெருமூச்சாகவா விட்டுவிட்டு வந்த விம்மலாகவா என்று வாதாடி, முடிவில் செசரியா ஊரின் ரப்பி அபாஹு இரண்டையும் சேர்த்தே ஊதச் சொல்லிவிட்டார். தங்கள் ஆண்டின் முதல் நாளில், தங்கள் மன்றாட்டுக்கு அளவாக, எதிரியின் தாயின் அழுகையை வைத்திருக்கிறது ஒரு சமூகம். இராவணன் விழுந்த களத்தில் மண்டோதரியை அழவைத்து நம் கண்ணையும் நிறைத்தவன் கம்பன். அவன் காவியம் அரங்கேறியதாகச் சொல்லும் மண்டபம் ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதிக்கு அருகே இன்றும் நிற்கிறது. அந்த மண்டபத்து நிழலில் உட்கார்ந்து அபாஹுவின் தீர்ப்பை நினைத்துப் பார்க்கலாம்.

கொம்பு என்றதும் கொச்சி யூதர்கள் நினைவுக்கு வராமல் போகமாட்டார்கள். சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர அரசர் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டில் (நம் சங்கப் பாடல்களின் முசிறி வட்டாரத்தில்) இருந்துகொண்டு ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு ஒன்று கொடுத்தார். அதை எழுதியது வட்டெழுத்தில். மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் ஒரே வீட்டில் இருந்த காலத்து மொழி. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவும் 72 உரிமைகளும் அவருக்கு. பகல் விளக்கு, நடக்கையில் விரிக்கும் பாவாடை, குடை, பறை, தோரணம் என்று நீளும் அந்தப் பட்டியலில் காகளமும் இருக்கிறது. காகளம் என்றால் ஊதுகொம்பு. அரசர் கொடுத்தது பவனிக்கு முன்னால் ஊதும் மரியாதைக் கொம்பு, ஷோஃபார் அல்ல. ஆனாலும் தங்கள் கொம்பைக் கையில் கொண்டு வந்தவர்களுக்கு, நம் எழுத்தில் இன்னொரு கொம்பைப் பரிசளித்த மண் இது. மட்டாஞ்சேரியில் பரதேசி தொழுகைக்கூடம் 1568-இல் எழுந்தது. 1968-இல் அதன் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார். அதற்குள் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர், 1950-களிலேயே, இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டிருந்தார்கள். திரும்புவதைப் பற்றி ஆண்டுதோறும் பேசியவர்கள் திரும்பிப் போனார்கள். நீலச்சித்திரம் தீட்டிய சீன ஓடுகள் பாவிய தரை மட்டும் அவர்கள் காலடியை வைத்துக்கொண்டிருக்கிறது.

*

இந்தத் திரும்புதலுக்கு எபிரேயத்தில் தெஷுவா என்று பெயர். மனம் திருந்துவதற்கும் அதுதான் சொல். தமிழில் திரும்புவதும் திருந்துவதும் ஒலியில் அண்டை வீட்டுக்காரர்கள்; அங்கே ஒரே வீடு. புதிய மனிதராவது என்றால் எங்கோ முன்னால் பாய்ந்து போவதாக நாம் கற்பனை செய்வோம். தெஷுவா சொல்கிற புதுமை, வந்த வழியே நடந்து, தவறவிட்ட திருப்பத்தில் போய் நிற்பது. அதே ஆசை, அதே சந்தர்ப்பம் மறுபடி வாய்த்து, இந்த முறை அதைச் செய்யாமல் விட்டவரே முழுசாகத் திரும்பியவர் என்று மைமோனிடீஸ் இலக்கணம் வகுக்கிறார். ஆண்டுகள் சுற்றிச் சுற்றி வருவதன் பயனே அதுதான் போலிருக்கிறது.

தெஷுவாவுக்கு இன்னொரு பொருள், பதில். தமிழில் பதிலுக்கு 'விடை' என்போம். கிளம்பும்போது பெறுவதும் விடைதான். நம் சொல்லில் பதிலோடு போவது ஒட்டியிருக்கிறது, அவர்கள் சொல்லில் பதிலோடு வருவது. முதலில் இது வெறும் எதிரெதிர் என்று நினைத்தேன். அப்புறம்தான் விடைபெறுகிற தமிழர் வாயைக் கவனித்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வரேன்' என்கிறோம். விடைக்குள்ளேயே ஒரு தெஷுவாவைச் செருகி வைத்திருக்கிறது நம் வீட்டு வழக்கு.

ஆண்டுக்கு எபிரேயச் சொல் ஷானா. அதே மூன்று மெய்களிலிருந்து 'இரண்டாவது', 'திரும்பச் சொல்' என்ற சொற்களும் வருகின்றன, 'மாற்றம்' என்ற சொல்லும் வருகிறது. ஆண்டு என்பது மறுபடி வருவதா, மாறி வருவதா என்று அவர்களுடைய ஆசிரியர்கள் இதை வைத்து விளையாடுவார்கள். அந்த விளையாட்டுக்கு நம் வீட்டிலும் திண்ணை உண்டு. குறிலில் மறு, நெடிலில் மாறு. ஒரு கால் போட்டால் மாற்றம், காலை எடுத்துவிட்டால் மறுபடி. மறு என்பதற்குக் களங்கம் என்றும் பொருள்; நிலவின் மறு என்கிறோமே, அது. ரோஷ் ஹஷானா பிறப்பதோ நிலவு முகம் காட்டாத இரவில். யூதரின் பெரிய பண்டிகைகள் பல முழுநிலவை ஒட்டி வர, இது மட்டும் இருட்டில் வருகிறது. நிலவே தெரியாத இரவில் நிலவின் மறு எங்கே தெரியும்? இனி நாள்தோறும் வளரப் போகிற ஒன்றை அதன் வெறுமையிலேயே கொண்டாடிவிடுகிறார்கள்.

*

சொல் விளையாட்டைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டு வந்துவிட்டார்கள். ஆப்பிளைத் தேனில் தோய்த்து உண்பது உலகம் அறிந்த வழக்கம், அதை விட்டுவிடலாம். தல்மூத் சொல்லும் பழைய பட்டியல்தான் சுவை: சுரைக்காய், ருபியா, லீக்ஸ், பீட்ரூட் கீரை, பேரீச்சை. இவற்றை ஆண்டுப் பிறப்பன்று கண்ணால் பார்க்க வேண்டும், உண்ண வேண்டும். காரணம் சத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. லீக்ஸின் பெயரில் 'அறு' என்பது ஒலிக்கிறது, பகை அறுபடட்டும். பீட்ரூட் கீரையின் பெயரில் 'விலகு'. பேரீச்சையின் பெயரில் 'முடி'. ருபியாவில் 'பெருகு', நற்செயல்கள் பெருகட்டும். சுரைக்காய்க்கு 'காரா'. அது கிழிவதையும் நினைவூட்டும், வாசிப்பதையும் நினைவூட்டும். எங்கள் மீதான தீர்ப்புக் கிழியட்டும், எங்கள் நன்மைகள் வாசிக்கப்படட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. ஆண்டுக்கு ஒரு நாள், ஒரு மேசையில், சுரைக்காய் ஏட்டுக்கும் உதவுகிறது, கறிக்கும் உதவுகிறது!

பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்த காளமேகம், ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்து, திருவானைக்காவில் வாக்குப் பெற்றவர் என்பது நம் ஊர்க் கதை. சமையலிலிருந்து சிலேடைக்கு வந்தவர் அவர். சிலேடையையே சமைக்கும் இந்த மேசையைப் பார்த்திருந்தால் ஒரு பந்தி உட்கார்ந்திருப்பார். ருபியா வெந்தயம் என்றார் ராஷி என்ற உரைகாரர். சிரியா, எகிப்து யூதர்கள் அதைக் காராமணி என்று கொண்டு அந்த இரவில் காராமணியைச் சமைக்கிறார்கள். அதே வாரத்தில் கே.கே. நகரில் ஏதோ ஒரு வீட்டில் அன்றைய சுண்டல் காராமணி. தொன்னையில் வாங்கிய குழந்தை, பெருகட்டும் என்று யாரும் சொல்லாமலே இரண்டாம் தடவை கை நீட்டுகிறது.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்கள் தள்ளலாம். விளக்கை அணை என்று சொல்லாமல் மலையேற்று என்று சொல்கிறவர்கள் நாம். அதை இலக்கணத்தில் மங்கலம் என்று வகைப்படுத்தியும் வைத்திருக்கிறோம். தொடங்கும் நேரத்தில் சொல் நாக்கில் படும் விதம் முக்கியம் என்ற இந்தக் கூச்சம் அழகானது. அவர்கள் அதைக் கடித்து மென்று விழுங்கவும் செய்கிறார்கள்.

இனி இரண்டாம் இரவுக்கு வருவோம். பிறையைக் கண்டதாகச் சாட்சி வந்த பிறகே மாதம் பிறந்ததாக அறிவித்த பழைய காலத்தில், எந்த நாள் சரியான நாள் என்ற ஐயம் இருந்தது. அதனால் ரோஷ் ஹஷானா இரண்டு நாளாக நிலைத்துவிட்டது. ஆனால் இரண்டையும் 'ஒரே நீண்ட நாள்' என்று கொள்வார்கள். இங்கே ஒரு சட்டச் சிக்கல். புதியது ஒன்று வாய்க்கும்போது, இந்த வேளைவரை எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தாயே என்று நன்றி சொல்லும் வாழ்த்து ஒன்று உண்டு. முதல் இரவில் சொல்லியாயிற்று. இரண்டும் ஒரே நாள் என்றால் இரண்டாம் இரவில் மறுபடி சொல்லலாமா? சொல்லாமல் விட்டால் நன்றிக் குறை, சொன்னால் வீண் சொல். அறிஞர்கள் யோசித்து ஒரு வழி கண்டார்கள். அந்த ஆண்டில் இன்னும் வாயில் வைக்காத ஒரு பழத்தை மேசையில் வைத்துவிடு. அல்லது ஒரு புதுத் துணி உடுத்திக்கொள். வாழ்த்து நாளுக்குச் சேராவிட்டாலும் பழத்துக்குச் சேர்ந்துவிடும். பெரும்பாலும் அது மாதுளை. வேதத்தின் 613 கட்டளைகளுக்கு ஈடாக மாதுளைக்குள் 613 முத்து என்பது அவர்கள் நம்பிக்கை. காந்தி மார்க்கெட்டில் வாங்கிய ஒன்றை உரித்து நானும் எண்ண ஆரம்பித்தேன். அத்தை எதிரே உட்கார்ந்திருந்ததால் கணக்கு முடியவில்லை.

ஒரு சந்தேகத்தைத் தீர்க்க நூல்களைப் புரட்டிய மனிதர்கள் கடைசியில் ஒரு பழத்தைக் கையில் கொடுத்தார்கள் என்பது எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. கொலுவிலும் அந்தப் பழம் உண்டு. ஆண்டுதோறும் அதே பொம்மைகள், அதே படி, அதே வரிசை. ஆனாலும் ஒரு பொம்மையாவது புதுசாக வாங்கி வைக்க வேண்டும் என்பது வழக்கம். அதற்காகச் சிங்காரத்தோப்பில் பூம்புகார் கடையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். அத்தை கைநீட்டிக் காட்டியது ஒரு காய்கறிக்காரி. கூடையில் கடுகளவு தக்காளி, விரல் நகம் அளவுக்கு ஒரு சுரைக்காய். மற்ற பொம்மைகளெல்லாம் திரும்பி வந்தவை. அவள் ஒருத்திதான் வந்தவள்.

*

முதல் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவே புத்தகம் வருகிறது. ரோஷ் ஹஷானா அன்று மேலே புத்தகங்கள் திறக்கின்றன. யோம் கிப்பூர் அன்று முத்திரை விழுந்து மூடுகின்றன என்பது அவர்கள் மரபு. நம் சரஸ்வதி பூஜையில் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டால் அன்று படிக்கக் கூடாது. விஜயதசமி அன்று திறப்போம். அவர்கள் மூடுகிற நாளில் நாம் திறக்கிறோம். இரண்டு ஊருக்குமாக யாரோ ஒருவர் எப்போதும் ஒரு புத்தகத்தைத் திறந்தே வைத்திருப்பது போல இருக்கிறது.

அந்தப் பத்து நாளில் கடவுளிடம் கேட்கும் மன்னிப்பு பாதிதான். மனிதருக்கு மனிதர் செய்த பிழையை, அந்த மனிதரைச் சமாதானம் செய்யாதவரை யோம் கிப்பூர் தீர்க்காது என்று மிஷ்னா கறாராகச் சொல்கிறது. அதனால் போனை எடுக்க வேண்டும், கதவைத் தட்ட வேண்டும். மன்னிக்க வேண்டியவர் இறந்துவிட்டிருந்தால்? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவர் கல்லறைக்குப் போய், அவர்கள் முன்னிலையில் பிழையைச் சொல்ல வேண்டும் என்கிறார் மைமோனிடீஸ். இதைப் படித்த பிறகு அம்மாமண்டபத்துப் படிக்கட்டு எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. எள்ளும் தண்ணீருமாகக் குனிந்திருக்கிறவர்களில் யாரோ ஒருவர் மந்திரத்துக்கு நடுவே, அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்து சொல்லாமல் போன ஒரு சொல்லை முணுமுணுத்துக்கொண்டிருக்கலாம்.

பத்தாம் நாள் அந்தியில் வரும் கடைசித் தொழுகைக்குக் கதவடைப்பு என்று பெயர். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி அன்று பரமபத வாசல் திறப்பதற்கு இரவெல்லாம் காத்திருக்கும் கூட்டத்தை நினைத்துக்கொண்டு, அதைத் தலைகீழாகக் கற்பனை செய்ய வேண்டும்: வாசல் மூடப்போகிறது, அதற்குள் நுழைய வேண்டும் என்ற தவிப்பு. மூடியதும் நீண்ட தெகியா. நோன்பு முடிந்தது. அன்றிரவே, சாப்பிட்ட கையோடு, அடுத்து வரும் கூடாரப் பண்டிகைக்குப் பந்தல் போட முதல் ஆணியை அடித்து வைப்பது வழக்கம். மன்னிப்புக் கிடைத்ததா என்று உட்கார்ந்து யோசிக்க நேரம் கொடுப்பதில்லை.

அந்தப் பத்தாம் நாளுக்கு ஒரு பழங்கதை உண்டு. சீனாய் மலையிலிருந்து கட்டளைப் பலகைகளோடு இறங்கிய மோசே, கீழே மக்கள் பொன் கன்றைக் கும்பிடுவதைக் கண்டு பலகைகளை வீசி உடைத்தார். பிறகு எலூல் பிறக்கும்போது மறுபடி மலையேறி, நாற்பது நாள் இருந்து, யோம் கிப்பூர் அன்று இரண்டாவது பலகைகளோடு இறங்கினார். அவர்கள் கொண்டாடும் தொடக்கம் இந்த இரண்டாவது. உடைந்தவை என்ன ஆயின என்று தல்மூத் கேட்கிறது. முழுப் பலகைகளும் உடைந்த துண்டுகளும் ஒரே பேழையில்தான் இருந்தன என்கிறது. பாலைவனம் நெடுக இரண்டையும் ஒன்றாகச் சுமந்தார்கள். சொல்லிவிட்டு அதோடு நிறுத்தவில்லை. ஆகவே, தன் குற்றமின்றிக் கற்றதை மறந்துபோன முதியவரிடம் மரியாதையாக இருங்கள் என்று அறிவுரை வந்து முடிகிறது.

விஜயதசமி இரவு அத்தை ஒரு பொம்மையைப் படுக்க வைத்தாள். மறுநாள் காகிதத்தில் சுற்றும் வேலை தொடங்கியது; அந்த வாரத்துச் செய்திகள் அடுத்த ஆண்டு யாரோ படிப்பதற்காக உள்ளே போயின. காய்கறிக்காரியைச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, கையில்லாத செட்டியாரை என்ன செய்வது என்று நின்றேன். அத்தை அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

"அவரையும் அந்தப் பெட்டியிலயே வை. புதுசா வந்திருக்கா, கடையில ஆள் வேணும்ல."

வைத்தேன். மூடியைச் சாத்துவதற்கு முன் குனிந்து பெட்டிக்குள் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றாள்.